சின்ன டீயும் பெரிய டீயும்

சத்துவாச்சாரியில் வார இறுதிகளில் லினக்ஸ் கற்க வரும் மாணவர்களுக்காக, ஸ்ட்ரேஸ் (strace) கருவியின் ஆப்ஷன்களை, அதாவது கட்டளையோடு சேர்க்கும் ஒற்றை ஆங்கில எழுத்துகளை, தமிழில் விளக்கும் கையேடு ஒன்றைச் சில மாதங்களாக எழுதி வருகிறேன். ஒரு நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்டு விடுக்கும் அழைப்புகளான சிஸ்டம் கால்களை வரி வரியாகக் காட்டும் அக்கருவியை, 1991இல் சன்ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக முதலில் எழுதியவர் பால் கிரானென்பர்க்.

முதல் தொல்லை எழுத்திலேயே வந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஸ்ட்ரேஸிலோ அந்தப் பேதத்தில்தான் பொருளே இருக்கிறது. சின்ன டீ (t), ஒவ்வொரு வரிக்கு முன்பும் கடிகார நேரத்தை இடும். பெரிய டீ (T), அந்த அழைப்பு முடிய எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வரியின் கடைசியில் சேர்க்கும். இதை வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் காட்பாடி ரயிலடி டீக்கடையில் நிற்பதுபோல் இருக்கும்.

பெரிய பிழையைச் சின்ன சி ஆப்ஷனில் செய்தேன். "சிஸ்டம் கால்களின் எண்ணிக்கையையும் நேரத்தையும் தொகுத்துக் காட்டும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். குடியாத்தத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், தொடங்கும்போதெல்லாம் ஐந்து விநாடி அசையாமல் நிற்கும் தம் நிரலை அதைக்கொண்டு சோதித்தார். அட்டவணையில் நேரம் ஏறக்குறைய பூஜ்ஜியம். "கெர்னல் பக்கம் ஒண்ணும் இல்லண்ணா, என் புரோகிராம்தான் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் தம் லூப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

என் வரியில் "நேரம்" என்றது எந்த நேரம்? சின்ன சி தானாகக் கணக்கிடுவது, அழைப்புக்காகக் கெர்னலுக்குள் சிபியூ உழைத்த நேரத்தை மட்டுமே. பதிலுக்காகக் காத்துக் கிடந்த நேரம் அதில் சேராது. சின்ன டபிள்யூவையும் கூட்டினால்தான் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட முழு நேரமும் வரும். கூட்டியதும், பதிலுக்காகக் காத்திருக்கும் 'போல்' (poll) என்ற ஒரே அழைப்பு ஐந்து விநாடியை விழுங்கியிருப்பது தெரிந்தது. அமைப்புக் கோப்பில் முதலாவதாக இருந்த, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் செத்துப்போயிருந்தது. வேறு அளவு குறிப்பிடாவிட்டால் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி (glibc) ஐந்து விநாடி காத்திருந்த பிறகே அடுத்த சர்வரைக் கேட்கும்.

இப்போது ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே "எதைக் காட்டாது" என்றும் எழுதுகிறேன். எழுத்துச் சரங்களை ஸ்ட்ரேஸ் 32 பைட்டோடு வெட்டிவிடும், சின்ன எஸ் கொடுத்து நீட்டலாம், ஆனால் கோப்புப் பெயர்கள் எப்போதும் முழுதாகவே வரும். சின்ன எஃப் இல்லாவிட்டால் நிரல் பெற்ற பிள்ளைச் செயல்முறைகள் கண்ணில் படமாட்டா. பெரிய எஸ்தான் பாக்கி: ஸ்ட்ரேஸில் அது சின்ன சி தரும் அட்டவணையை வரிசைப்படுத்தும், நூலக அழைப்புகளைக் காட்டும் எல்ட்ரேஸ் (ltrace) கருவியிலோ சிஸ்டம் கால்களையும் சேர்த்துக் காட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.