பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தில் பேய் எப்போது வரலாம்?

முதல் பாகத்திலேயே பேயின் முகத்தைப் பார்த்தாகிவிட்டது. அதையே பத்தாவது நிமிடத்தில் மறுபடி காட்டினால் சுங்கை சிப்புட் சின்னப் பசங்ககூட சிரிப்பார்கள்.

‘தி எக்சார்சிஸ்ட் 3’ (1990) படத்தின் மருத்துவமனைக் காட்சியைக் கவனியுங்கள். கேமரா நடைவழிக் கோடியில் அசையாமல் நிற்கிறது. இசை கிடையாது. ஏதோ சத்தம் கேட்டு ஓர் அறைக்குள் போகிறார் தாதி. கிளாஸில் ஐஸ் விரிசல் விட்டிருக்கிறது. தூக்கம் கலைந்த நோயாளி கத்துகிறார். ‘அவ்வளவுதானா’ என்று நாம் தளர்ந்த பிறகுதான், வெள்ளைத் துணி போர்த்திய உருவம் தாதியின் முதுகுக்குப் பின்னால் வருகிறது. சட்டென்று ஜூம், உடனே கட். கொலையைக் காட்டுவதே இல்லை.

நம் மலேசியத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) படமெடுப்பவர்களுக்கு, ஐஸ் சத்தம் போல முதலில் ஏமாற்றும் அந்தப் பொய்ப் பயம் இலவசம். எலி பிடிக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் வளர்க்கும் கூகை (ஆந்தை) ஒருமுறை அலறினால் போதும்.

சொதப்புவது பெரும்பாலும் எடிட்டிங்கில்தான். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் ‘டமார்’ வைத்தால் மூன்றாவது தடவையே காது பழகிவிடும். அதற்குப் பதில், பூச்சிச் சத்தத்தை இரண்டு மூன்று நொடி முன்பே மெல்லக் குறையுங்கள். இடைவெளியையும் மாற்றுங்கள்: ஒன்றுக்கு நாலு நிமிடம், அடுத்ததற்குப் பன்னிரண்டு. முதல் பாகத்து ஃபிளாஷ்பேக்கா? அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.