அறுபது படியில் எங்கள் வீடு

ஜூலை 30, 2025, புதன்

அத்தை இன்று மூன்று முறை போன் செய்துவிட்டார். முதல் முறை, ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்ல. இரண்டாவது முறை, அதை என் கணவரிடம் சொல்ல. மூன்றாவது முறை, பேரனிடம் சொல்ல. அவன் நாலு வயதுக்காரன். "எவ்ளோ தண்ணி அப்பாயி?" என்று கேட்டான். "உன் கழுத்துக்கு மேல, உங்கப்பன் இடுப்புக்குக் கீழ" என்று பதில் வந்தது. இன்று முழுக்க அவன் அப்பாவின் இடுப்பை அளந்துகொண்டிருந்தான்.

அத்தையின் சந்தோஷம் புரிகிறது. போன வருடம் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்குள் தண்ணீர் ஊர் வந்து சேருமா என்று படித்துறையைப் பார்த்துப் பார்த்து வந்தவர் அவர். இந்த வருடம் ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள். மாதக் கடைசியில் அணை 120 அடி நிரம்பியும் விட்டது. வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் பள்ளிக்கு லீவு சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோவையிலிருந்து காலை ஜன் சதாப்தி. கரூர் தாண்டும் முன்பே கொண்டுவந்த இட்லி தீர்ந்துவிட்டது. தஞ்சாவூரில் இறங்கி, திருவையாறு டவுன் பஸ் பிடித்தோம்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து. எனக்கும் மகளுக்கும் டிக்கெட் காசு இல்லை, சின்னவனுக்கு வயது காணாது. ஆக, குடும்பத்தில் காசு கொடுத்து ஏறியவர் அப்பா ஒருவர்தான். அந்த ஒற்றை டிக்கெட்டை மகள் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டாள். "நம்ம நாலு பேருக்கும் இதுதான் டிக்கெட், தொலைச்சா எல்லாரையும் இறக்கிவிட்டுடுவாங்க" என்று தம்பியிடம் சொல்லிவைத்தாள். அவன் வழியெல்லாம் அதைக் காவல் காத்தான்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற அந்தப் பதிமூன்று கிலோமீட்டர் சொச்சம் சாலையில் ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. இந்த ஐந்தை வைத்துத்தான் ஐயாறு என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். என் கணவர் சிறு வயதில் இந்தச் சாலையில் ஆறு எண்ணிக்கொண்டே போவாராம். இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பாலத்திலும் சின்னவன் விரலை நீட்டி எண்ணினான். பெரியவளுக்கோ பெயர்களோடு தகராறு. வெண்ணாறு ஏன் வெள்ளையாக இல்லை, காபி நிறத்தில் ஓடுகிறதே என்றாள். வெட்டாறு யாரை வெட்டும் என்றான் தம்பி. குடமுருட்டிக்கு இருவரும் சேர்ந்து சிரித்ததில், முன் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நாலாகப் பிரிவதையும், வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறும் வடவாறும் பிரிவதையும், குடமுருட்டி காவிரியின் கிளை என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். கேட்டு முடித்த மகள், "அப்போ எல்லாம் ஒரே தண்ணிதானே? அஞ்சு ஆறுன்னு ஏன் எண்ணுறோம்?" என்றாள். அவர் யோசித்துவிட்டு, "நீயும் தம்பியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். ஒரே தோசையா சுட்டுப் போடச் சொல்லவா?" என்றார். அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை.

திருவையாற்றில் இறங்கி அசோகா அல்வா வாங்கினோம். பாசிப்பருப்பும் நெய்யுமாகச் சூடாக வாழையிலைத் துண்டில். "மரம் நட்டாரே, அந்த அசோகரா?" என்று மகள் கேட்டாள். கடைக்காரர், "அவரு மரம் நட்டாரு பாப்பா, நாங்க பருப்பு வேகவைக்கிறோம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

இன்றைய நாளை நிறைய எழுத வேண்டும்.

சுவாமிமலைக்கும் தாராசுரத்துக்கும் போவதாகத் திட்டம். ஆற்றோரமாகவே கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போகிற பஸ். அத்தை காலை நாலு மணிக்கே எழுந்து புளியோதரை கிளறிவிட்டார். தயிர் சாதம் தனித் தூக்கில். அதற்கு மேல் ஒரு பெரிய பை. "இங்க இருக்கற சாமிமலைக்கு, காசிக்குப் போற மூட்டை எதுக்கும்மா?" என்றார் மகன். அத்தை பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் சின்னவனுக்குக் குமட்டியது. பையிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. பையிலிருந்து ஊக்கு வந்தது. கோயில் வாசலில் தூறல் விழுந்தது. பையிலிருந்து பிளாஸ்டிக் ஷீட் வந்தது. ஒவ்வொரு முறையும் அத்தை பையைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, மூடினார். "சொன்னேன் பார்த்தியா" என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானாக இருந்தால் மூன்று முறையும் சொல்லியிருப்பேன். நாலாவதாக அவர் மகனுக்குத் தலைவலி வந்தபோது, அவரே போய்ப் பைக்கு முன்னால் நின்றார். தைலம் கிடைத்தது.

சுவாமிமலை இயற்கையான மலை இல்லை, கட்டுமலை. மேலே போகப் படிகள் அறுபது. தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒவ்வொரு படி. அத்தைக்கு அந்த அறுபது பெயரும் மனப்பாடம். முட்டி வலி என்பதால் ஒவ்வொரு படியாக நின்று, பிரபவ, விபவ, சுக்ல என்று சொல்லிச் சொல்லி ஏறினார். பிள்ளைகளும் பின்னால் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

பத்தொன்பதாவது படி பார்த்திப. அங்கே அத்தை குனிந்து, தலையிலிருந்து அல்ல, பையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து, ஒரு பூவை மட்டும் கிள்ளிப் படியின் ஓரமாக வைத்தார். மாமா பிறந்தது பார்த்திப வருடம், 1945. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் யாரும் பேசவில்லை. சின்னவன் மட்டும், "தாத்தா படியா?" என்று கேட்டு, அதன் மேல் கால் படாமல் தாண்டித் தாண்டிக் குதித்தான்.

இருபத்து மூன்றில் அத்தை உட்கார்ந்துவிட்டார். "இது என் வருஷம். விரோதி." ஆதாரில் அவர் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. விரோதி வருடம் ஆவணி மாதம், நெல் அவித்துக்கொண்டிருந்தபோது வலி வந்ததாக அவர் அம்மா சொன்னது ஒன்றுதான் அவருக்குக் கணக்கு.

"அப்பாயி விரோதியா!" என்று மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் 2016. எண்ணிப் பார்த்தால் முப்பதாவது படி, துன்முகி. அர்த்தம் சொன்னதும் சிரிப்பு நின்றது. தம்பி முப்பத்து நாலு, சார்வரி. அப்பா 1981, துன்மதி. நான் 1984, ரக்தாட்சி. வில்லன் வேஷத்துக்கு ஆள் எடுத்த மாதிரி ஒரு குடும்பம். அத்தை முழங்காலைத் தடவிக்கொண்டே, "பேருல என்ன இருக்கு? விரோதி கையாலதான் துன்முகி மூணு தடவை புளியோதரை வாங்கிச் சாப்பிடுது" என்றார்.

மகள் அதோடு விடவில்லை. தன் படி முப்பது, அப்பா படி ஐம்பத்தைந்து, யார் முதலில் வருகிறார்களோ அவர்கள்தானே மூத்தவர்கள் என்று ஆரம்பித்தாள். அப்பாவுக்கும் எனக்கும் அவள் அக்கா. அவள் கணக்கு தப்பு என்று சொல்ல என் கணவர் வாயெடுத்தார். "பேசாம இரு தம்பி, இந்தக் கோயில்ல பிள்ளைதான் அப்பனுக்கு வாத்தியாரு" என்று அத்தை அடக்கிவிட்டார். தகப்பன்சாமியின் சந்நிதியில் அதற்கு மேல் எப்படி வாதாடுவது? சந்நிதி வரை அவரைத் "தம்பி, கையைப் பிடிச்சுக்கோ" என்றே அழைத்துப் போனாள். அவரும் பிடித்துக்கொண்டு போனார்.

அப்புறம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12-ஆம் நூற்றாண்டு. 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. தட்டினால் ஓசை தரும் படிகளைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள், சின்னவனுக்கு அதில் பெரிய வருத்தம். ஆனால் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கிற சிற்பம் வருத்தத்தைத் தீர்த்தது. அவன் மாடு என்றான், அவள் யானை என்றாள். நான் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தேன், பிறகு மறுபக்கத்தை. மாற்றி மாற்றிக் கட்சி மாறி, பதினைந்து நிமிடம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கோயிலுக்கு வெளியே மர நிழலில் தூக்கைத் திறந்தபோது மணி இரண்டு. புளியோதரையில் கடலை இன்னும் மொறுமொறுவென்று இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு.

திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் கூட்டம் தாங்காது என்பதால் எங்கள் ஊர்ப் படித்துறைக்கே போனோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வாழையிலையில் வைத்து, காப்பரிசி, பழம், வெற்றிலை பாக்கு, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. பக்கத்தில் புதுப்பெண் ஒருத்தி கல்யாண மாலையை ஆற்றில் விட வந்திருந்தாள். அது போகிற வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாலை கரை ஒதுங்கி ஒதுங்கி நின்றது. மாப்பிள்ளை இறங்கிப் போய்த் தள்ளிவிட்டார். மொத்தப் படித்துறையும் கைதட்டியது.

சின்னவன் சப்பரம் இழுத்தான். தெருமுனை திரும்புமுன் ஒரு சக்கரம் கழன்றது. சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூன்று சக்கரத்தோடே ஆறு வரை இழுத்து வந்து சேர்த்தான்.

பூஜை முடிந்து நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மாமா போன பிறகு அத்தை மேல்படியிலேயே நின்றுகொள்கிறார், கீழே வருவதில்லை. எனக்கு அது ஒவ்வொரு வருடமும் உறுத்தும், சொல்ல வாய் வராது. மகள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். "எங்களுக்குக் கையிலதானே கட்டுறாங்க. உங்களுக்கும் கையில கட்டுறேன், நீட்டுங்க அப்பாயி." அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கையை நீட்டினார். முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அவரே இன்னொரு முடிச்சு போடச் சொன்னார்.

பிறகு ஆறு பேர் சாப்பிடுகிற கலவை சாதத்தை ஐந்து பேரும் கரையில் உட்கார்ந்து தீர்த்தோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்பும்போது பை எங்கள் கைக்கு மாறிவிட்டது. உள்ளே புளிக்காய்ச்சல், வடாம், எலுமிச்சம்பழம், ஊக்கு, தைலம்.

திரும்பும் வழியில் ஆறுகள் தலைகீழ் வரிசையில் வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். காவிரி ஒன்று, குடமுருட்டி இரண்டு, வெட்டாறு மூன்று, வெண்ணாறு நாலு. அங்கே சின்னவன் தூங்கிப்போனான். தஞ்சாவூரில் கண் விழித்து, நாலு விரலோடு நின்ற கையைப் பார்த்து ஒரே அழுகை. ரயிலில் ஏறியும் ஓயவில்லை. கடைசியில் அத்தைக்குப் போன் போட்டுக் கொடுத்தோம்.

"வடவாறு விட்டுப்போச்சு அப்பாயி."

"அது எங்கய்யா போகப்போவுது? உன் பேரைச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். தீபாவளிக்கு வந்து எண்ணிக்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாலு விரலையும் மடக்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான்.