மண்ணில் ஒட்டிய வெயிட்

மகளைச் சேலத்தில் ஹாஸ்டலில் விடக் காங்கேயத்திலிருந்து கிளம்பினோம். சென்னிமலை தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பெருந்துறையில் பைபாஸ் ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. எழுபதுக்கு இறக்கினால் அடங்கும், ஏற்றினால் மறுபடி நடுங்கும். நாலு டயரும் புதுசாக மாற்றி, சக்கரம் ஒரே சீராகச் சுற்ற ரிம்மில் சின்னச் சின்ன வெயிட் வைக்கிற பேலன்சிங்கும் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு சேலம்வரை பயந்து பயந்தே ஓட்டினேன்.

மறுநாள் தாராபுரம் ரோட்டில் வேறொரு டயர் கடைக்குப் போனேன். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும் அந்த அண்ணன் முன்னால் இடது வீலைக் கழற்றி, உட்பக்கம் டார்ச் அடித்தார்.

"இங்க பாருங் அம்மிணி."

அலாய் வீலின் உள்வட்டம் முழுக்கச் செம்மண்ணும் பிரேக் கருந்தூளும் அப்பிக் கிடந்தது. நடுவில் விரல் நீளத்துக்கு மட்டும் பளிச்சென்று ஒரு தடம்.

"அழுக்கு மேலயே வெயிட்ட ஒட்டியிருக்காங். அது வீலை எங்க புடிச்சுது, மண்ணைத்தான் புடிச்சுது. மண்ணோட சேர்ந்து விழுந்துருச்சு."

மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டதும் உள்பக்கம் 20 என்று காட்டியது, வெளிப்பக்கம் 5. இருபது கிராம்தானே என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் என் கார் சக்கரம் நொடிக்குப் பதிமூன்று சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில், ரிம் ஓரத்தில் குறைகிற 20 கிராம் சுமார் இரண்டரை கிலோ பாரம்போல அச்சைப் பிடித்து இழுக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. ஸ்டியரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

இரும்பு ரிம்முக்கு இந்தக் கவலை குறைவு. கொக்கி வைத்த வெயிட்டை ரிம் விளிம்பில் சுத்தியலால் தட்டி ஏற்றிவிடுவார்கள். முன்பெல்லாம் அது ஈயம். ரோட்டோரம் விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தூண்டிலில் கட்டியிருக்கிறோம். ஈயம் விஷம் என்பதால் ஐரோப்பாவில் 2005-லிருந்து புது கார்களுக்கு அது கூடாது. இப்போது இரும்பும் துத்தநாகமும் வந்துவிட்டன. அலாய் வீலில் தட்டினால் விளிம்பு கீறிவிடும் என்று பெரும்பாலும் ஒட்டுகிற பட்டைதான். ஐந்தைந்து கிராம் துண்டாக வெட்டிக்கொள்ளலாம்.

அண்ணன் அவசரப்படவே இல்லை. மிச்சமிருந்த பழைய பட்டையைச் சுரண்டி எடுத்தார். ஈரத்துணியால் மண்ணை வழித்து, உலரவிட்டு, தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி கறுத்தது. வேறு துணி எடுத்தார். மூன்றாவது துணி வெள்ளையாகவே வந்த பிறகுதான் பட்டையின் தாளை உரித்தார். பசையில் விரல் படாமல் வைத்து, கட்டை விரலால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அழுத்தினார். மறுபடி சுற்றவிட்டார். இரண்டு பக்கமும் சைபர். அந்த மெஷின் எல்லாக் கடையிலும் இருக்கிறது. இந்தத் துடைப்புக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

மற்ற மூன்று வீலையும் நானே சொல்லிக் கழற்ற வைத்தேன். பின்னால் வலது வீலில் பட்டையின் ஒரு முனை ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையிலிருந்து பவானிவரை தொண்ணூறில் போய்த் திரும்பினேன். ஸ்டியரிங் அசையவில்லை. பசை நன்றாகப் பிடிக்கட்டும், நாலு நாளைக்கு வாட்டர் வாஷ் விட்டுறாதீங் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். வண்டி இன்னும் செம்மண்ணோடுதான் வாசலில் நிற்கிறது.