இஸ்ரோ இன்டர்ன்ஷிப்: கையில் இருப்பது 24 நாள்தான்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இஸ்ரோவின் இன்டர்ன்ஷிப் அதிகபட்சம் 45 நாள். சனி, ஞாயிறைக் கழித்தால் 32 வேலை நாள் தேறும். நுழைவு பாஸ் வாங்கவும் கைடைப் பார்க்கவும் உட்கார இடம் கிடைக்கவும் முதல் மூன்று நாள் ஓடிவிடும். அறிக்கையை எழுதி, கைடு படித்து, திருத்திக் கையெழுத்து வாங்கக் கடைசியில் ஐந்து நாளாவது வேண்டும். மிச்சம் 24.

இந்த 24 நாளில் யாரும் ராக்கெட் வடிவமைத்துவிட முடியாது. ஒரு குழாய் வளைவில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடலாம். ஏற்கெனவே எடுத்த அதிர்வுச் சோதனைத் தரவை அலசும் நிரல் எழுதலாம். ஒரு பிராக்கெட்டின் இயல் அதிர்வெண்ணைக் கணித்துச் சோதனையோடு ஒப்பிடலாம். 'விண்வெளித் துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு' என்று எழுதிப்போடும் விண்ணப்பங்கள் கண்டுகொள்ளப்படாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். இடம் கொடுப்பது இஸ்ரோ என்ற பெரிய பெயர் அல்ல, அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு விஞ்ஞானி. தன் மேசையில் கிடக்கும் சின்ன வேலை ஒன்றை இந்தப் பையனோ பெண்ணோ 24 நாளில் முடிப்பாரா என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

இஸ்ரோவில் இரண்டு திட்டங்கள் உண்டு. பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்டர்ன்ஷிப் என்பது மேலே சொன்ன 45 நாள் உச்சவரம்புள்ளது. இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். இன்னொன்று மாணவர் புராஜெக்ட் டிரெய்னி திட்டம். இதில் 45 நாள் என்பது உச்சவரம்பு அல்ல, குறைந்தபட்சம். பிஇ, பிடெக் மாணவர்கள் ஆறாவது செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். எம்இ, எம்டெக், எம்எஸ்சி என்றால் முதல் செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், குறைந்தது 120 நாள் இருக்க வேண்டும். டிப்ளமோ, பிஎஸ்சி மாணவர்களுக்குக் கடைசி ஆண்டில் மட்டும். இரண்டு திட்டத்துக்கும் 60 சதவீதம் அல்லது பத்துக்கு 6.32 சிஜிபிஏ வேண்டும். உதவித்தொகை கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். எட்டாவது செமஸ்டர் முழுக்க புராஜெக்ட் என்றால் டிரெய்னி திட்டம்தான் தோது. 45 நாளில் தொடங்கிய வேலையை அங்கே மூன்று நான்கு மாதம் நீட்டிச் செய்யலாம்.

அடுத்தது, எந்த மையம் என்ற கேள்வி. சென்னை மாணவர்களின் கண் முதலில் ஸ்ரீஹரிகோட்டா மேல் போகும். சென்ட்ரலில் சூலூர்பேட்டை மின்சார ரயிலைப் பிடித்தால் போய்விடலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற நினைப்பு. ஆனால் அது ஏவுதளம். திட எரிபொருள் வார்ப்பது, ராக்கெட்டின் பாகங்களை அடுக்குவது, ரேடாரில் பின்தொடர்வது, ஏவுதளப் பாதுகாப்பு, வானிலை ஆகியவைதான் அங்கே நடக்கும் வேலை. வேதிப்பொறியியல், இன்ஸ்ட்ருமென்டேஷன், பாதுகாப்புப் பொறியியல் படிப்பவர்களுக்கு அருமையான இடம். ஏரோடைனமிக்ஸ் படித்தவர் அங்கே விண்ணப்பித்தால், கருவாட்டுக் கடையில் பூ கேட்ட மாதிரிதான்.

ராக்கெட்டின் ஏரோடைனமிக்ஸ், கட்டமைப்பு, திட எரிபொருள் எல்லாம் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில். திரவ எஞ்சினை வடிவமைப்பவர்கள் அதே ஊருக்குப் பக்கத்து வலியமலையில். அதே எஞ்சினை எரித்துச் சோதிப்பவர்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். விகாஸ் எஞ்சினும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினும் சோதிக்கப்படுவது அங்கேதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தும் இந்த இடத்தை நம் மாணவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள். செயற்கைக்கோளின் உடல் பெங்களூருவில், அதன் கேமராக்களும் டிரான்ஸ்பாண்டர்களும் அகமதாபாத்தில், படங்களை அலசும் வேலை ஹைதராபாத்தில். இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்குத் திருப்பதி பக்கம் கடங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்சில் ஓடும் பெரிய வளிமண்டல ரேடார் அங்கே உண்டு. சிக்னல் பிராசஸிங் பழக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

மையத்தை முடிவு செய்தபின் அதன் இணையதளத்தைத் திறங்கள். நடைமுறை மையத்துக்கு மையம் மாறும். ஆன்லைன் படிவம் இருந்தால் அதில்தான் போட வேண்டும். படிவம் போட்டுவிட்டு, அந்தப் பிரிவின் ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்து, எழுதியவருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். மெயில் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். தலைப்பிலேயே படிப்பு, செமஸ்டர், தேதி மூன்றும் வரட்டும்: 'பிஇ ஏரோ ஆறாம் செமஸ்டர், மே 18 முதல் ஜூலை 1 வரை இன்டர்ன்ஷிப்'. முதல் இரண்டு வரியில் அவருடைய கட்டுரையில் எந்தப் பகுதி, அதில் நீங்கள் செய்யக்கூடியது என்ன. அடுத்த மூன்று வரியில் நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்த ஒரு வேலை, எண்களோடு. இணைப்பில் ஒரே பக்க ரெஸ்யூமே. 'ரெஸ்பெக்டட் சார்' போட்டு நாற்பது பேருக்கு ஒரே மெயிலை சிசியில் தட்டிவிட்டால் நாற்பது பேரும் அழித்துவிடுவார்கள்.

கல்லூரிக் கடிதத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். லெட்டர்ஹெட், முத்திரை, ஹெச்ஓடி அல்லது முதல்வர் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது. பதிவு எண், நடப்பு செமஸ்டர், சிஜிபிஏ, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். படிவத்தில் மே 18 என்றும் கடிதத்தில் மே 20 என்றும் இருந்தால் ஃபைல் திரும்பிவிடும், இன்னொரு கையெழுத்து வாங்குவதற்குள் கல்லூரி லீவு விட்டுவிடும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை தள்ளிப்போவது புதிதல்ல என்பதால், கடைசித் தேர்வுக்கும் தொடங்கும் தேதிக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். ஆவடி போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி டிஆர்டிஓ கூடங்களுக்கும் முயல்பவர்கள் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது நல்லது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் விண்ணப்பிக்கலாம். ஆதார் முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் அங்கே இழுத்தடிக்கும்.

மே மாதம் சேர ஜனவரியிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். எட்டாவது செமஸ்டர் புராஜெக்டுக்கு ஆகஸ்ட், செப்டம்பர்.

இனி அந்த 'ஏற்கெனவே செய்து முடித்த வேலை'. இது இல்லாமல் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. ஏரோ மாணவருக்கு எளிய வழி, நாகா 0012 என்ற இறக்கை வெட்டுமுகத்தைச் சிஎஃப்டியில், அதாவது காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் முறையில், ஓட்டுவது. மாக் 0.15, ரெனால்ட்ஸ் எண் 60 லட்சம், 10 டிகிரி கோணம் என்று வைத்தால் தூக்குக் குணகம் சுமார் 1.09 வர வேண்டும். இதற்கான ஒப்பீட்டுத் தரவை நாசாவே பொதுவில் வைத்திருக்கிறது. அதற்கான ஓபன்ஃபோம், எஸ்யூ2 மென்பொருள்கள் இலவசம். வண்ணப்படத்தை ஒட்டி அனுப்பாதீர்கள், அதை யாரும் மதிக்கமாட்டார்கள். மெஷ்ஷை (கணக்குக்கான கட்ட வலையை) மூன்று முறை நுணுக்கிக் குணகம் எங்கே நிலைத்தது என்று ஒரு அட்டவணை காட்டுங்கள். இழுவை தப்பாக வந்தால் பெரும்பாலும் சுவரை ஒட்டிய முதல் அடுக்கின் தடிமன்தான் குற்றவாளி. புரொபல்ஷன் பக்கம் போகிறவர் எரிதலைக் கணக்கிடும் நாசாவின் சிஇஏ நிரலில் மண்ணெண்ணெய்–திரவ ஆக்சிஜன் கலவை விகிதத்தை மாற்றி மாற்றி, உந்துதிறன் எங்கே உச்சம் தொடுகிறது என்று ஒரு வரைபடம் போட்டாலே பேச்சைத் தொடங்கலாம்.

எலக்ட்ரானிக்ஸ் மாணவருக்கு மொட்டை மாடியே ஆய்வுக்கூடம். ரஷ்யாவின் மீட்டியர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்சில் படம் அனுப்பிக்கொண்டே போகின்றன. வேண்டியது ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்), கோஆக்சியல் கேபிள், ஸ்குரூ டெர்மினல் பிளாக், இரண்டு அலுமினியக் கம்பிகள். கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 2.17 மீட்டர், கால்வாசி 54 சென்டிமீட்டர். கம்பி முனை விளைவுக்காகக் கொஞ்சம் குறைத்து ஒவ்வொன்றையும் 53.4 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். இரண்டையும் 120 டிகிரி 'வி' வடிவில், தரைக்குக் கிடையாக, வாய் வடக்கு அல்லது தெற்கு பார்க்க வையுங்கள். செயற்கைக்கோள் துருவப் பாதையில் வடக்கு தெற்காகத்தான் போகும். டீகோட் செய்ய சாட்டம்ப் (SatDump) என்ற இலவச மென்பொருள் போதும்.

சென்னையில் முதல் முயற்சி தோற்பது அனேகமாக எஃப்எம் நிலையங்களால். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை பலமாக வரும் சிக்னல் டாங்கிளின் முகப்பையே திணறடித்துவிடும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) முழுக்க ஏற்றினால் இன்னும் மோசம். எஃப்எம் தடுப்பு ஃபில்டர் ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவே போட்டுவிட்டு, சத்தத் தளம் (பின்னணி இரைச்சலின் அளவு) உயரத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கெயினை நிறுத்துங்கள். அடுத்த எதிரி லேப்டாப் சார்ஜர், அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை இருந்தால் அதிலிருந்து எட்டப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் புள்ளிகள் நான்கு குவியலாகப் பிரியும். ஒரே மங்கலான வட்டமாகத் தெரிந்தால் சிக்னல் போதவில்லை என்று அர்த்தம்.

வங்கக் கடல் மேகத்தோடு படம் வந்துவிட்டால் மனசு குளிரும், ஸ்டேட்டஸ் வைக்கலாம். ஆனால் மெயிலில் போக வேண்டியது அந்தப் படமல்ல. பத்துத் தடவை பதிவு செய்து, செயற்கைக்கோள் வானில் எத்தனை டிகிரி உயரத்தில் இருந்தபோது சிக்னல்–சத்த விகிதம் எவ்வளவு என்று ஒரு வரைபடம் போடுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் சீக்கிரமே சிக்னல் அறுந்தால் அங்கே நிற்கும் அடுக்குமாடிதான் காரணம் என்று எழுதுங்கள். தரை நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி போதும், ஆள் வேலை தெரிந்தவர் என்று.

சேர்ந்தபின் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பெரும்பாலான மையங்களுக்குள் போன், பென்டிரைவ், சொந்த லேப்டாப் எதுவும் போகாது. வீட்டில் ஓட்டிப் பழகிய நிரலை அங்கே மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதனால் முக்கியமான சமன்பாடுகளை நோட்டில் கையால் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே எடுத்த தரவை வெளியே கொண்டுவர முடியாது, கைடு பார்த்து அனுமதித்த அறிக்கை மட்டுமே வரும். அதற்கு முன் வரைபடத்தை லிங்க்டினில் போட்டுவிட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, கைடுக்கும் தலைவலி. அறிக்கை கொடுத்தால்தான் சான்றிதழ் என்பதால், நாலாவது வாரமே எழுதத் தொடங்கிவிடுங்கள்.

இஸ்ரோ கிடைக்காவிட்டால் சென்னையிலேயே வழி உண்டு. ஐஐடி மெட்ராஸின் கோடைக்கால ஃபெலோஷிப் இரண்டு மாதம், உதவித்தொகையோடு, பிற கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டு பிஇ மாணவர்களுக்கானது. எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் அந்த வளாகத்தில் இயங்குகிறது. அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப்பும் இரண்டு மாதம்தான், விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள வான்வெளி ஆராய்ச்சி மையத்தில் ட்ரோன் வேலை நடக்கிறது. 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12இல் போன அனுசாட், அண்ணா பல்கலைக்கழகம் செய்த செயற்கைக்கோள் என்பது இப்போது படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐஐடியில் முளைத்த ராக்கெட் ஸ்டார்ட்அப்பான அக்னிகுல், ஒரே துண்டாக 3டி பிரின்ட் செய்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. ஸ்டார்ட்அப்களில் கையில் கிரீஸ் படும் வேலை கிடைக்கும், ஆனால் 45 நாள் ஆளை எடுக்க அவை தயங்கும். ஆறு மாதம் வருகிறேன் என்றால் பேச்சே வேறு.

வெளிநாடு என்றால் நாசாவை மறந்துவிடுங்கள், அதன் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு நடத்தும் வைஸ் (WISE) திட்டம் இந்திய மாணவர்களுக்கென்றே உள்ளது. அங்கிருக்கும் ஒரு பேராசிரியரின் அழைப்புக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன அதே பத்து வரி மெயில் அதற்கும் உதவும்.

'நாசா சான்றிதழுடன் பத்து நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப், கட்டணம் இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குப் பணம் கட்டாதீர்கள். இஸ்ரோ மையம் எதுவும் இன்டர்ன்ஷிப்புக்கு ஜிபே எண் தருவதில்லை. மெயில் முகவரியின் வாலில் கவ் டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலிலிருந்து 'இஸ்ரோ ஹெச்ஆர்' எழுதினால் பதில்கூடப் போட வேண்டாம்.