கும்பல் கொலை வழக்கில் ஆயுள் தண்டனையா? அப்பீலுக்கு முன்

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் திருவிழாச் சண்டை கொலையில் முடிந்து, பாலக்காடு செஷன்ஸ் கோர்ட் எட்டுப் பேருக்கும் ஆயுள் கொடுத்துவிட்டது என்று வையுங்கள். எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் அப்பீல் போட 60 நாள். தூக்கு என்றால் 30. நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்கள் இந்தக் கெடுக் கணக்கில் சேராது. ஜெயிலுக்குப் போகிறவருக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகக் கிடைக்க வேண்டும். கையில் காசில்லாதவர் ஜெயில் அதிகாரி வழியாகவே அப்பீல் கொடுக்கலாம்.

சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தியது என்றால் குற்றப்பிரிவு பழைய இபிகோ 302 (கொலை), 148 (கொடிய ஆயுதத்தோடு கலகம்), 149 (சட்டவிரோதக் கூட்டத்தின் கூட்டுப் பொறுப்பு)தான். அப்பீல் அதற்குப் பிறகு போட்டால் நடைமுறை மட்டும் புதிய குற்ற நடைமுறைச் சட்டப்படி (பிஎன்எஸ்எஸ்).

கொலையே நடக்கவில்லை என்று வாதாடிப் பயனில்லை. உயிரை வாங்குவது 149. ஐந்து பேராவது கூடி, பொது நோக்கம் இருந்தால், வெட்டாதவனுக்கும் அதே தண்டனை. ஆகவே ஒவ்வொரு எதிரிக்கும் (குற்றம் சாட்டப்பட்டவருக்கும்) தனித்தாள் போடுங்கள்: எந்தச் சாட்சி பெயர் சொன்னார், கையில் என்ன இருந்தது, எஃப்.ஐ.ஆரில் பெயர் உண்டா. பெருங்கூட்டம் என்றால் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒத்துச் சொல்ல வேண்டும் என்று 1964-ல் மசால்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இங்கே கைகொடுக்கும். நாலு பேர் விடுதலையாகி, அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இருந்ததாகச் சார்ஜிலோ சாட்சியத்திலோ இல்லையென்றால், 149 நிற்காது. துள்ள வேண்டாம், அரசுத் தரப்பு உடனே 34-ஐ (பொது எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றம்) பிடிக்கும்.

எல்லைப் பக்கத்து வழக்கில் கவனமாகப் பார்க்க வேண்டியது போலீஸ் வாக்குமூலம். சாட்சி தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். 'வெட்டினான்', 'வெட்டினாங்க' இரண்டுமே மலையாளத்தில் 'வெட்டி'தான். எழுவாயை விட்டு எழுதியிருந்தால் ஒருவனா பலரா என்பதே தெரியாது. அதே சாட்சி கூண்டில் ஏறி, 'நாலாம் எதிரி அரிவாளால் தோளில் வெட்டினான்' என்பார். போலீஸிடம் இவ்வளவு முக்கியமானதைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகவே எடுக்கப்படும். ஆனால் குறுக்கு விசாரணையில் அதைச் சாட்சியிடம் கேட்டு, விசாரணை அதிகாரி வாயாலும் வரவழைத்திருந்தால்தான் அப்பீலில் உதவும். விசாரணையில் கோட்டைவிட்டதை ஹைகோர்ட்டில் சரிக்கட்டுவது பெரும்பாடு. மலையாள வாக்குமூலத்தை அப்படியே படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எட்டுப் பேருக்கும் ஒரே வக்கீல் வைப்பதும் ஆபத்து. அங்கே இல்லவே இல்லை என்பவரும், இருந்தேன் ஆனால் கை வைக்கவில்லை என்பவரும் ஒரே வாதத்தில் ஒட்டமாட்டார்கள்.

தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவில் அரசு வக்கீலுக்கு எழுத்தில் பதில் தர வாய்ப்புக் கொடுத்த பிறகே உத்தரவு வரும். அந்த மனுவிலேயே அபராதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். விட்டால் அதற்கு வசூல் நடவடிக்கை தனியாக வரும்.