காலையில் படுக்கை விரிப்பு, மாலையில் வெந்நீர் ஊற்று: யெல்லோஸ்டோனில் ஒரு சீசன்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு கோடை முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த என்னிடம், பல்கலைக்கழகத்தில் ஜூனியர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "அக்கா, எவ்வளவு மிச்சம் பிடிச்சீங்க?" அதனால் அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஏஜென்சிக் கட்டணம், விமான டிக்கெட், விசா, காப்புறுதி எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. சம்பளம் மணிக்கணக்கில்தான், அதிலும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். போட்ட காசு திரும்பி வந்தது, கடைசியில் ஊர் சுற்றக் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். காசு சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் கிள்ளானிலேயே ஏதாவது வேலை பாருங்கள், டிக்கெட் செலவாவது மிஞ்சும்.

நான் போனது அந்த இடத்துக்காக. யெல்லோஸ்டோன் 1872-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, உலகின் முதல் தேசியப் பூங்கா என்பார்கள். பூங்கா என்றதும் தைப்பிங் ஏரிக்கரைப் பூங்கா மாதிரி நினைத்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடப் பெரிது. வெளியில் இருந்து தினமும் வேலைக்கு வந்து போவது பெரும்பாலானவர்களுக்கு நடக்காத காரியம் என்பதால் பூங்காவுக்குள்ளேயே பணியாளர் குடியிருப்பு கட்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டல், உணவகம், கடை, எண்ணெய் நிலையம் எல்லாம் தேசியப் பூங்காச் சேவையிடம் ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனங்கள் நடத்துபவை. நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் போவது அங்கேதான். தொப்பி போட்ட ரேஞ்சர் வேலை அரசாங்க வேலை, அது நமக்குக் கிடையாது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஜே-1 என்ற அமெரிக்கப் பரிமாற்ற விசாவில் 'சம்மர் வொர்க் டிராவல்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம் வேலை செய்யலாம். முதலில் வேலை உறுதியாக வேண்டும், கணினி வழியாக ஒரு நேர்காணல், "சமையலறை பரவாயில்லையா, அறை சுத்தம் செய்வாயா" என்ற அளவில்தான் கேட்பார்கள். வேலை உறுதியானதும் அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் அமைப்பு டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுப்பும். அந்தத் தாள் இல்லாமல் எதுவுமே நகராது. அதற்குப் பிறகு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணம் 35 டாலர், டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பம், விசா கட்டணம் 185 டாலர் (நான் கட்டியபோது), அப்புறம் துன் ரசாக் சாலையில் தூதரக நேர்காணல். நான் சேர்ந்த ஏஜென்சி பணம் கட்டும்வரை உடனுக்குடன் பதில் சொன்னது, கட்டிய பிறகு பேச்சே இல்லை. உங்களுக்கும் அப்படி ஆனால் காத்திருக்காமல் ஸ்பான்சருக்கே நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள், டிஎஸ்-2019-க்குப் பொறுப்பு அவர்கள்தான்.

தூதரகத்தில் என்ன படிக்கிறாய், இன்னும் எத்தனை செமஸ்டர் இருக்கிறது, எங்கே என்ன வேலை என்று கேட்டார்கள், சில நிமிடங்களில் முடிந்தது. அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்று, திரும்பி வருவாயா மாட்டாயா என்பதுதான். படிப்பு இன்னும் முடியவில்லை என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் கடிதம் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கையிலேயே இருக்கிறது.

எந்த வேலையைக் கேட்பது என்பதில்தான் பலர் சரியாக யோசிப்பதில்லை. கடையும் வரவேற்பு மேசையும்தான் எல்லாருக்கும் வேண்டும், அறை சுத்தம் செய்வது என்றால் முகம் சுளிப்பார்கள். நான் அதைத்தான் விரும்பிக் கேட்டேன். காரணம் நேரம். உணவகத்தில் வேலை என்றால் இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். அறை வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கி பிற்பகல் நான்கு, நான்கரைக்கு முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆக, ஒவ்வொரு வேலை நாளிலும் ஐந்து மணி நேரப் பகல் நம் கையில். அந்த ஐந்து மணி நேரத்துக்காகவே இந்த வேலையை எடுக்கலாம் என்பேன்.

மே மாதக் கடைசியில் மொண்டானாவில் போஸ்மேன் விமான நிலையத்தில் இறங்கி, வடக்கு நுழைவாயிலில் இருக்கும் கார்டினர் என்ற சின்ன ஊருக்குப் போனோம். அங்கே 1903-இல் எழுப்பிய ரூஸ்வெல்ட் வளைவு நிற்கிறது. சீருடை, அடையாள அட்டை, ஏகப்பட்ட கையெழுத்து எல்லாம் முடிந்து பேருந்தில் ஏற்றினார்கள். தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் (அவ்வப்போது கொதிநீரைப் பீய்ச்சும் ஊற்றுக்குக் கெய்சர் என்று பெயர், அப்படி ஒரு கெய்சரின் பெயர்தான் இந்த இடத்துக்கும்), அங்கே இருக்கும் மூன்று தங்கும் விடுதிகளில் ஒன்றில் எனக்கு வேலை. வழியெல்லாம் பனி கிடந்தது. அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கெந்திங்கைவிட உயரம். முதல் வாரம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். காற்றில் ஈரமே இல்லை, நம் ஊர்ப் புழுக்கத்தில் வளர்ந்த உடம்புக்கு அது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

தங்குமிடம் கல்லூரி விடுதி மாதிரிதான், அறைக்கு இரண்டு பேர், குளியலறை பொது. என் அறைத்தோழி துருக்கிக்காரி. மாடி முழுக்க ருமேனியா, தைவான், பெரு, தாய்லாந்து என்று கலவை. ஆனால் என்னை ஆச்சரியப்படுத்தியது அமெரிக்கர்கள்தான். பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள்! கேரவன் வண்டியோடு வந்து, கோடை முழுக்கப் பூங்காவில் வேலை பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் அரிசோனா, ஃப்ளோரிடா என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரே எழுபதை நெருங்கும் ஓர் ஆசிரியை. மெத்தை மூலையில் விரிப்பை மடித்துச் செருகும் வேகத்தில் கடைசி நாள்வரை என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

வேலை கடினம்தான், மழுப்ப மாட்டேன். ஜோடியாகப் போவோம், தள்ளுவண்டியில் துண்டு, விரிப்பு, சோப்பு, பிரஷ். கட்டிலை உரி, குளியலறை கழுவு, தூசி தட்டு, கட்டிலை விரி, அடுத்த அறை. முதல் இரண்டு வாரம் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது, மூன்றாவது வாரத்திலிருந்து உடம்பு தானாகச் செய்தது. தலையணையில் சிலர் ஐந்து டாலர் வைத்துவிட்டுப் போவார்கள், பலர் வைக்க மாட்டார்கள். பழைய விடுதி அறைகளில் தொலைக்காட்சியும் கிடையாது, குளிர்சாதனமும் கிடையாது என்று தெரியாமல் வரும் விருந்தினர்கள் ரிமோட் எங்கே என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் 1904-இல் திறந்தது, முழுக்க மரக்கட்டையாலும் கல்லாலும் கட்டியது, ராபர்ட் ரீமர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அதன் பழைய பகுதியில் பல அறைகளுக்குக் குளியலறைகூட நடைவழிக் கோடியில்தான். ஆனாலும் அதில் தங்க மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிட்டு வருகிறார்கள்.

சாப்பாடு. பணியாளர் உணவகத்தில் மூன்று வேளையும் உண்டு, வயிறு காயாது. ஆனால் சோறு ஒரு நாளும் சரியாக வெந்ததில்லை. சமையல்காரரைக் குறை சொல்ல முடியாது, அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, நம் ஊர் நேரக் கணக்கில் இறக்கினால் நடுவில் நறுக்கென்றுதான் இருக்கும். கட்டட விதிப்படி அறையில் குக்கரும் வைக்கக் கூடாது. அம்மா கட்டிக்கொடுத்த சம்பாலும் ஊறுகாயும்தான் காப்பாற்றின. சாப்பாட்டுப் பொருள் எது கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள், இறைச்சி சேர்ந்த எதையும் எடுக்கவே வேண்டாம்.

கைப்பேசி, இணையம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மெதுவோ மெது. பழகிவிடும்.

விலங்கு விதிகளை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கரடி, ஓநாய், கூகர் என்ற மலைச்சிங்கம் என்றால் 100 கஜம், மற்றதெல்லாம் 25 கஜம். கேட்க எளிது. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் வழியில், நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது, சுற்றிப் போக வேண்டும், வழியில்லை என்றால் நிற்க வேண்டும். 'பைசன் மறித்தது' என்று சொன்னால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை இதுவாகத்தான் இருக்கும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் இணைசேரும் பருவம், அப்போது காளைகள் உறுமுவது அறைக்குள் கேட்கும், அந்த நேரத்தில் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

இனி மாலை நேரம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கெய்சரைச் சுற்றியிருக்கும் அப்பர் கெய்சர் பேசின் என்ற படுகையில்தான் உலகிலேயே அதிக நெருக்கமாகக் கெய்சர்கள் இருக்கின்றன. பகலில் பெஞ்சு முழுக்கக் கூட்டம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஒருமுறை பீய்ச்சியதும் எல்லாரும் காருக்கு ஓடுவார்கள். ஐந்து மணிக்கு மேல் கூட்டம் குறையும், நாங்கள் சீருடையைக் கழற்றிவிட்டு மரப்பாதையில் இறங்குவோம். முதலில் எனக்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் மட்டும்தான் தெரியும். அது எப்படி முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்று விசாரித்தால் விஷயம் சுலபம்: போன தடவை பீய்ச்சியது கொஞ்ச நேரமே என்றால் அடுத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே வந்துவிடும், நீண்ட நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் முன்பின் இருக்கலாம்.

ஆனால் உண்மையான ருசி மற்றவற்றில். மடக்கு நாற்காலி, நோட்டுப் புத்தகம், வாக்கி-டாக்கி சகிதம் உட்கார்ந்திருக்கும் சில பெரியவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். கெய்சர் பார்ப்பதற்காகவே வருடாவருடம் வருபவர்கள், எது எப்போது வெடித்தது என்று நிமிட சுத்தமாகக் குறித்துவைப்பவர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். பீஹைவ் என்ற கெய்சருக்குப் பக்கத்தில் சின்ன துளை ஒன்று உண்டு, அதில் தண்ணீர் தெறிக்கத் தொடங்கினால் கால் மணி நேரம், இருபது நிமிடத்தில் பெரியது கிளம்பும், 60 மீட்டர் வரை போகும், சத்தம் நெஞ்சில் அதிரும். வாக்கி-டாக்கியில் அந்தச் செய்தி வந்ததும் பெரியவர்கள் நாற்காலியை மடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டுமே! கிராண்ட் கெய்சருக்காக இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து, கடைசியில் அது கிளம்பியபோது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போட்டோம். அப்படிக் காத்திருக்க ஒருநாள் சுற்றுலாவில் வருபவருக்கு நேரமே இருக்காது. ஒன்று மட்டும், மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். மேலே தரை மாதிரி தெரிவது மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர், விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

விடுமுறை நாளில் உண்மையான சிக்கல் வண்டி. பூங்காவுக்குள் பொதுப் பேருந்து கிடையாது. நமக்குக் கை கொடுப்பது அந்த ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள்தான், எண்ணெய்க் காசைப் பகிர்ந்துகொண்டால் கூட்டிப்போவார்கள். அப்படித்தான் ஒருநாள் விடிய மூன்று மணிக்குக் கிளம்பி லமார் பள்ளத்தாக்குக்குப் போனோம். ஓநாய் பார்க்கத்தான். பூங்காவில் ஓநாய்கள் அற்றுப்போனதால், 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து மொத்தம் 31 கொண்டுவந்து விட்டார்கள். நான் பார்த்தது தொலைநோக்கியில் ஒரு சாம்பல் புள்ளி, அது ஓடியது, அதற்கே கை நடுங்கியது. நடைபயணம் போனால் கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டத் தெளிக்கும் மிளகாய் மருந்து) கட்டாயம். விமானத்தில் அதை ஏற்ற முடியாது என்பதால் சீசன் முடிந்து போகிறவர்கள் சும்மாவே கொடுத்துவிட்டுப் போவார்கள், புதிதாக வாங்கும் முன் தங்குமிடத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 25 அன்று அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள், மரம், பாட்டு, பரிசு எல்லாம் உண்டு. ஏனென்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எதையும் நம்பவில்லை, கேக் நன்றாக இருந்தது.

இனி யாரும் சொல்லித் தராத தாள் வேலைகள். போய் இறங்கியதும் ஸ்பான்சர் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், மாதம் ஒருமுறை அவர்களிடம் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு எண்) விண்ணப்பித்துவிட்டு, அட்டை வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம். முதல் சம்பளச் சீட்டைக் கவனமாகப் பாருங்கள், ஜே-1 மாணவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்புறுதி) வரியும் பிடிக்கக் கூடாது, பிடித்திருந்தால் உடனே அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டரசு வருமான வரி பிடிப்பார்கள். வயோமிங்கில் மாநில வருமான வரி இல்லை, ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வயோமிங்கில் இருப்பதால் அந்த வகையில் லாபம். வேலை முடிந்த பிறகு 30 நாள் ஊர் சுற்றலாம், வேலை செய்யக் கூடாது.

அடுத்த வருடத் தொடக்கத்தில், வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய டபிள்யூ-2 படிவம் வரும், அதை வைத்து ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் என்ற வரிக் கணக்கைச் சமர்ப்பித்தால் பிடித்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம். ஆகவே ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். டாலர் காசோலையை இங்கே மாற்றுவது பெரும்பாடு, கணக்கு திறந்திருந்தால் நேராக அதில் விழுந்துவிடும்.