ஐஸை விட்டு 14 மாதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை எனக்கு. தீபாவளி ஆர்டர் சமயத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கணும். டீயும் பாக்கும் எடுபடாத ஒரு வாரத்தில், தெரிந்தவன் ஒருவன் மூலமாக வந்தது மெத்தபெட்டமைன் என்கிற போதைப்பொருள். எங்களுக்குள் அதன் பேர் ஐஸ். இரண்டு நாள் பொட்டுத் தூக்கமில்லாமல் நாலு ஆள் வேலையைப் பார்த்தேன். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஒன்றரை வருஷத்தில் 68 கிலோ 49 ஆனது. அப்புறம் எறும்பு வந்தது. முழங்கையில், தோலுக்கு அடியில் ஊரும். சலங்கை மணி எடுக்கிற சாமணத்தால் நோண்டி நோண்டிப் பார்த்தேன்; எறும்பு வரவில்லை, சீழ்தான் வந்தது. அடுத்தது சந்தேகம். எதிர்வீட்டு மாடியில் கேமரா இருக்கிறது என்று ஜன்னலெல்லாம் பேப்பர் ஒட்டினேன். உள்ளே மைக் தேடி வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவிட்டு, மூன்று ராத்திரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளும் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அம்மியில் அரைத்தாள்.

அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஊருக்கு வெளியே ஒரு தனியார் மையம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைவாகச் சேர்த்தார்கள். பூட்டு, பிரார்த்தனை, கஞ்சி. டாக்டர் என்று ஒருவரைக் கண்ணால் பார்க்கவில்லை. 21 நாள் இருந்துவிட்டு வந்தேன். எட்டாம் நாள் மறுபடி தொட்டேன்.

அப்புறம் அக்கா 14416-க்குப் போன் போட்டு விசாரித்தாள். அரசின் மனநல உதவி எண் அது. நேராக அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கே போகச் சொன்னார்கள். போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். பழக்கத்துக்கு அடிமையானவன் தானாக வந்து சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்காக வழக்கு வராமல் அது காக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை போகலாம். விற்கிறவனுக்கு இது பொருந்தாது. இதை முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கஞ்சி மிச்சம்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது தலையை இல்லை, நெஞ்சை. பிரஷர் 160/104. எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தைத் தள்ளுகிற அளவு 55 சதவீதத்துக்கு மேல் இருக்கணும், எனக்கு 38. வயது 27. ரத்தக்குழாய் சுருங்கி, நெஞ்சு ஓயாமல் படபடத்து, தசையே தளர்ந்துபோயிருந்தது. நிறுத்தினால் தேற வாய்ப்பு உண்டு என்றார் டாக்டரம்மா. மூன்று நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்; சாப்பிட மட்டும் எழுப்பினார்கள். பத்து நாளில் எறும்பு போனது. சந்தேகம் அடங்க மாத்திரையோடு இரண்டு மாதம் ஆனது. குடியை நிறுத்த உதவுகிற மாத்திரை உண்டு. ஐஸுக்கென்று அப்படி அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மற்றதெல்லாம் வாராவாரம் உட்கார்ந்து பேசுவதும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான்.

எல்லாரும் பயமுறுத்துவது முதல் வாரத்தைப் பற்றி. என்னைக் கவிழ்த்தது ஐந்தாம் மாதம். உடம்பு தேறிவிட்டது, "பையன் பழையபடி ஆயிட்டான்" என்று சொந்தபந்தம் பேச ஆரம்பித்தாயிற்று. மாமா என்னை பைக்கில் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, லேடீஸ் சீட்டில் நின்றோம். கீழே சேலம் முழுக்க விளக்கு போட்டுக்கொண்டிருந்தது. "எப்படிடா மாப்ள இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு மாமா" என்றேன். பொய். வெள்ளையடித்த சுவரைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. பிரியாணியும் சரி, அக்கா பிள்ளை மடியில் ஏறுவதும் சரி, எல்லாம் அந்தச் சுவர்தான். அடுத்த வாரம் ஒரு தடவை வழுக்கினேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது திட்டவில்லை. ஓபி சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினார். சந்தோஷம் தருகிற டோபமைனை இந்தப் பொருள் ஒரேயடியாகக் கொட்டவைத்து, அதைத் திருப்பி எடுக்கிற வாசல்களைக் கெடுத்துவிடுகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2001-ல் வந்த ஆய்வில், அந்த வாசல்கள் நிறையவே திரும்பியிருந்தன. ஞாபகமும் கைவேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. "அஞ்சு மாசத்துல வெறுமையா இருக்கத்தான் செய்யும் தம்பி, நாள் இருக்கு" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இந்த 14 மாதம் அந்த வழுக்கலுக்குப் பிறகு எண்ணுவது.

போன மாதம் எக்கோவில் 51. கைதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. பற்றவைக்கிற பொடி வைத்து ஊதும்போது நெருப்பு ஒரு நூல் தள்ளிப் போகிறது. முதலாளி என்னை எடை போடுகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார். அங்கேயும் எண்ணிக்கை நடுவில் நழுவுகிறது, பேப்பரில் கோடு போட்டுக்கொள்கிறேன்.

பல் மட்டும் திரும்பாது. வாய் எச்சில் வற்றி, ராத்திரியெல்லாம் நறநறவென்று கடித்து, அதற்கு மேல் கலர் கலராகக் கூல்டிரிங்ஸ். ஐந்து பல் பிடுங்கியாயிற்று, இரண்டுக்கு வேர் சிகிச்சை. சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் நின்றால், கடைக்கார அக்கா என்னைக் கேட்பதில்லை. தட்டுவடையைக் கையாலேயே நொறுக்கி, சட்னியைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, ஊறட்டும் என்று ஓரமாக வைத்துவிடுகிறார்.